காதுக்கு ஒரு உபகுழு

முதலிலை ஒண்டைச் சொல்லிப்போடுறன். நான் எங்கடை ஊர் முன்னேற்றச் சங்கத்துக்கு எதிரி இல்லை. அப்பிடி எழுதித் தரச் சொல்லி என்னட்டை ரெண்டு தரம் கேட்டவை. ரெண்டு தரமும் எழுதிக் கையெழுத்து வைச்சுக் குடுத்தனான். எதிரி இல்லாதவள் ஏன் ரெண்டு தரம் எழுதிக் குடுக்கிறாள் எண்டு பேந்து அதிலையும் ஒரு சந்தேகம் வந்ததாம்.

என்ரை பேர் அருந்ததி. அச்சுவேலிச் சந்தையிலையிருந்து சைக்கிள் உழக்கி வரக்கூடிய தூரத்திலைதான் எங்கடை ஊர். என்ரை மனிசன் மயூரதன் வெங்காயம் செய்யிறவர். போன போகம் விடாமல் மழை பெஞ்சு பாத்திக்குள்ளையே வெங்காயம் அழுகிப் போச்சு. அண்டையிலையிருந்து எங்கடை வீடு ஓடுறது என்ரை காதாலைதான். பகிடிக்குச் சொல்லேல்லை. வெளிநாட்டு டொக்டர்மார் நோயாளியைப் பாத்துப்போட்டு, என்ன வருத்தம், என்ன மருந்து எண்டு வாயாலை சொல்லிப் பதிஞ்சு அனுப்புவினம். நான் வீட்டிலை இருந்து அதைக் கேட்டு, ஒரு சொல்லும் தவறாமல் கொம்பியூட்டரிலை ரைப் அடிச்சு அனுப்பவேணும். அதுக்குச் சம்பளம்.

என்ரை மேசைக்கு முன்னாலை யன்னல். யன்னலுக்கு நேரை, ரெண்டு வளவு தள்ளி, சங்கத்தின்ரை கோபுரம். கோபுரத்து உச்சியிலை நாலு குழாய் லவுட்ஸ்பீக்கர். விடிய வெள்ளாப்பிலை பக்திப் பாட்டு துவங்கும். பிறகு மரண அறிவித்தல். பிறகு தலைவற்றை இன்றைய சிந்தனை. பிறகு தண்ணி எப்ப வரும் எண்ட அறிவித்தல், தண்ணி ஏன் வரேல்லை எண்ட அறிவித்தல். ஒவ்வொண்டுக்கும் முன்னாலையும் பின்னாலையும் லவுட்ஸ்பீக்கர் வாங்கித் தந்த ஆக்களின்ரை பேர். ஒருநாள் இந்தச் சத்தத்துக்குள்ளை ஒரு மனிசியின்ரை வலது முழங்காலை இடது முழங்காலா அடிச்சு அனுப்பிப்போட்டன். நல்ல காலம், வெட்டுறதுக்கு முதல் அங்கை ஆரோ கண்டுபிடிச்சிட்டினம். கொம்பனி எனக்கு ரெண்டு மாசம் தவணை தந்தது. அது முடியிற வெள்ளிக்கிழமை காலமை பத்து மணிக்கு ஒரு சோதினை. அதிலை பிழைச்சால் வேலை இல்லை.

அதுக்குப் பிறகுதான் நான் சங்கத்துக்குப் போனனான்.

"ஐயா, காலமையிலை என்ரை பக்கம் பாத்த குழாயின்ரை சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சு விட்டியள் எண்டால் பெரிய உதவி." இவ்வளவுதான் நான் கேட்டது.

தலைவர் பஞ்சலிங்கம் ஐயா அரசாங்கக் கந்தோரிலை பிரதம லிகிதரா இருந்து இளைப்பாறினவர். ஒரு ஆள் ஏதும் கேட்டால் முதலிலை அந்த ஆளைப் பாக்கமாட்டார். அந்த ஆளுக்குப் பின்னாலை ஆர் நிக்கினம் எண்டு பாப்பார். அண்டைக்கும் என்ரை தோளுக்கு மேலாலை எட்டிப் பாத்தார். ஒருதரும் இல்லை. அது அவருக்கு இன்னும் சந்தேகமாப் போச்சு.

"உதை ஆர் உமக்குச் சொல்லி விட்டது?"

"ஒருதரும் சொல்லேல்லை ஐயா. சத்தம் கேக்குது, அதாலைதான்."

"கேக்கத்தானே பூட்டினது? ஊரிலை எல்லாருக்கும்தான் கேக்குது. உமக்கு மட்டும் ஏன் கரைச்சல்?"

பொருளாளர் மகாதேவி ரீச்சர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு, "பிள்ளை, அந்த நாலு குழாயும் எங்கடை சங்கத்தின்ரை கனடாக் கிளை தந்தது. அமரர் விசுவலிங்கத்தின்ரை ஞாபகமா. சத்தத்தைக் குறைச்சால் அமரரைக் குறைச்ச மாதிரி" எண்டா.

செயலாளர் சுபாங்கன் சின்னப் பெடியன், முப்பது இருக்காது. போனிலை இருந்து தலையை எடுக்காமலே சொன்னான்: "சத்தம் குறைக்கிறதுக்குச் சங்க விதியளிலை, யாப்பிலை, இடமில்லை அக்கா. கூட்டுறதெண்டால் தலைவர் தனிச்சு முடிவெடுக்கலாம்."

நான் வாயைத் திறக்க முதல் தலைவர் எழும்பிட்டார். மூண்டு பேர் இருக்கிற அறையிலையும் அவர் எழும்பி நிண்டுதான் பேசுவார். "இந்தச் சங்கம் சத்தத்துக்கு எதிரானது இல்லை. ஆனால் சத்தத்தாலை பாதிக்கப்பட்ட மக்களுக்கு எண்டைக்கும் ஆதரவானது. ஆகவே, வெளிச்சத்தத்தைத் தடுக்கிற, வயர் இல்லாத, உலகத்திலை ஆகத் திறமான ஹெட்போன் ஒண்டை இந்தப் பிள்ளைக்கு வெளிநாட்டிலையிருந்து எடுப்பிச்சுக் குடுக்கிறதெண்டு முடிவெடுக்கிறம்."

எனக்குச் சந்தோசப் புழுகம் தாங்கேல்லை. அந்த ஹெட்போன் ஒண்டு வாங்கிறதெண்டால் நான் எத்தினை மாசம் ரைப் அடிக்கவேணும்! வீட்டை ஓடி வந்து மனிசனுக்குச் சொன்னன். மயூரதன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு நிண்டவர், நிமிந்து பாக்கேல்லை.

"இஞ்சாரும், உதுக்குள்ளை என்னவோ கிடக்கு. சங்கம் சும்மா ஒண்டும் தராது."

சுபாங்கன் முதல்லை சுவிஸ் கிளைக்குத்தான் சொன்னவன். அவை ஓமெண்டிட்டினம். அது என்னெண்டோ கனடாக் கிளையின்ரை காதுக்கை போச்சு. அண்டிரவே வீடியோக் கோல். "எங்கடை சத்தத்தைத் தடுக்க சுவிஸ்காரர் ஆர்? எங்கடை சத்தத்தை நாங்களே தடுப்பம்!" எண்டு கனடாக் கிளைத் தலைவர் கத்தினாராம். கோயில் திருவிழாவுக்கு வந்த ரெண்டு பேற்றை பெட்டியளுக்குள்ளை ரெண்டு ஹெட்போன் வந்து இறங்கிச்சுது. கனடாவிலையிருந்து கறுப்பு, சுவிஸிலையிருந்து வெள்ளை. ரெண்டையும் தாம்பாளத்திலை வைச்சு, பட்டுத் துண்டாலை மூடிச் சங்கக் கந்தோரிலை வைச்சிருந்தினம்.

ரெண்டையும் தந்திருக்கலாம். தந்தால் எந்தக் கிளையின்ரை பேரை முதல் வாசிக்கிறது எண்டு பிரச்சினை. அதாலை ஒண்டைத் தெரிவு செய்யிறதுக்கு ஒப்பீட்டு உபகுழு ஒண்டு போட்டினம். அந்த உபகுழுவுக்குக் கீழை, போட்டால் சுகமா இருக்கோ எண்டு பாக்க ஆறுதல் குழு. கேக்கிறது வடிவாக் கேக்குதோ எண்டு பாக்க ஓசைக் குழு. மூண்டிலையும் அதே மூண்டு பேர்தான்.

"ஐயா, நான் ஒருக்கால் போட்டுப் பாக்கட்டோ? அஞ்சு நிமிசம் காணும். எனக்கு விளங்கிப்போடும்" எண்டன்.

தலைவர் என்னை ஒரு பார்வை பாத்தார். "நீர் பயனாளி. பயனாளி போட்டுப் பாத்தால், முடிவு பயனாளிக்குச் சாதகமா வந்திடும்."

"அதுக்குத்தானே ஐயா..."

"பாத்தியளோ, சாதகம் தேடுறா" எண்டு மகாதேவி ரீச்சர் மற்றவைக்குச் சொன்னா. என்னை வாசலடியிலை ஒரு கதிரை போட்டு இருத்தினவை.

ஆறுதல் குழு கூடிச்சுது. வாசலிலை இருந்து பாத்த எனக்கே எது திறம் எண்டு விளங்கிச்சுது. கறுப்பு நல்ல பாரம். காதை ரெண்டு பக்கத்தாலையும் இறுக்கிப் பிடிக்குது. மெத்தை தோல், எங்கடை வெக்கைக்குக் கொஞ்ச நேரத்திலை காது அவிஞ்சு போம். வெள்ளை இலேசு. மெத்தை துணி. மகாதேவி ரீச்சர் தன்ரை கண்ணாடிக்கும் கொண்டைக்கும் மேலாலை அதை மாட்டிக்கொண்டு அங்கையும் இஞ்சையும் நடந்து பாத்தா. முகம் மலர்ந்தது. உடனை அந்த முகத்தை மாத்திக்கொண்டா.

"இதிலை ஒரு பிழை கிடக்கு. போட்டிருக்கிறதே தெரியேல்லை."

"அது நல்லதெல்லோ ரீச்சர்?" எண்டு சுபாங்கன் கேட்டான்.

"என்ன நல்லது? போட்டதே தெரியாட்டில், போட்டதுக்கு என்ன அத்தாட்சி? களவு போனாலும் தெரியாது. கறுப்பைப் பாரும், பிடிச்ச பிடி விடுதில்லை. அது பொறுப்பான சாமான்."

தலைவர் கறுப்பைப் போட்டுக்கொண்டு கதிரையிலை சாஞ்சார். தெரிவுக்கான தகுதிகள் எண்டு மகாதேவி ரீச்சர் வாசிக்கத் துவங்க, அவர் குறட்டை விடத் துவங்கிட்டார். அவ வாசிச்சு முடியுமட்டும் குறட்டை. ஆறுதல் ஏகமனதா நிறைவேறிச்சுது எண்டு சுபாங்கன் எழுதினான். அதோடை விடேல்லை. ஆறுதல் நிரூபணமான அளவு தலைவற்றை தலையளவு எண்டபடியால், அந்த அளவிலையே கறுப்பின்ரை ரெண்டு கையையும் இழுத்து வைச்சுக் கறுப்பு ரேப்பாலை இறுக்கிச் சுத்தினவை. பிறகு ஆரும் கூட்டிக் குறைச்சுப்போட்டுச் சங்கத்திலை பழி போடக் கூடாதாம். தலைவற்றை தலை சும்மா சொல்லக் கூடாது, நல்ல பெரிசு.

அடுத்த கிழமை ஓசைக் குழு. எதைப் போட்டுக் கேக்கிறது? பாட்டு வேண்டாம், அது பாட்டுக்காரருக்கு ஆதரவாப் போயிடும். செய்தி வேண்டாம், அது அரசியல். கடைசியிலை, போன வருசப் பொதுக்கூட்டத்திலை தலைவர் பேசின பேச்சின்ரை பதிவு ஒண்டு கிடந்தது. அதுதான் நடுநிலையான சத்தம் எண்டு தலைவரே சொன்னார்.

கறுப்பிலை தன்ரை குரலைத் தானே கேட்டுப்போட்டு அவருக்குக் கண் கலங்கிச்சுது. "என்ன கம்பீரம்! அடி வயித்திலையிருந்து வருது. நான் இப்பிடிப் பேசினதை ஊர் உணரேல்லை."

வெள்ளையைச் சுபாங்கன் போட்டான். காதை மூடினவன் தான் எவ்வளவு சத்தமாக் கதைக்கிறன் எண்டு அறியான். கந்தோர் முழுக்கக் கேக்கக் கத்தினான்: "ஐயோ, என்ன கிளியர் தெரியுமோ! ஒவ்வொரு சொல்லாக் கேக்குது! தலைவர் பேப்பர் திருப்பிறது கேக்குது! பின்னாலை ஆரோ ஒரு பொம்பிளை, 'கணக்கிலை ஆறாம் பக்கத்தை விட்டிட்டு வாசியுங்கோ' எண்டு குசுகுசுக்கிறதும் கேக்குது!"

தலைவர் கூரையைப் பாத்தார். மகாதேவி ரீச்சர் எழும்பிப் போய் அவன்ரை காதிலையிருந்து வெள்ளையைக் கழட்டினா.

"வெள்ளையிலை தேவையில்லாத சத்தங்கள் கேக்குது" எண்டா. "எழுதும் தம்பி. மிகைத் தெளிவு. பொதுப் பாவனைக்கு உகந்தது அல்ல."

நான் ஒரு விசரி. வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஆறாம் பக்கத்திலை என்ன ஐயா கிடக்கு?" எண்டு கேட்டிட்டன். மூண்டு பேரும் ஒண்டாத் திரும்பி என்னைப் பாத்தினம். அண்டைக்குத்தான் நான் எதிரி இல்லை எண்டு ரெண்டாந் தரம் எழுதிக் குடுத்தது.

பிறகு சத்தத் தடுப்புச் சோதினை. தலைவர் கறுப்பைப் போட்டுக்கொண்டு போய், ஒழுங்கை முடக்கிலை என்ரை வீட்டு வாசலுக்கு நேரை நிண்டார். சத்தம் கேக்காட்டில் வலக்கையைத் தூக்கிறது எண்டு ஒழுங்கு. கோபுரத்தடியிலை சுபாங்கன் லவுட்ஸ்பீக்கரைப் போட்டான். தலைவர் கையைத் தூக்கினார். கறுப்பு தன்ரை வேலையைச் செய்யுது எண்டு எனக்கு விளங்கிச்சுது. சுபாங்கனுக்கு வேறை மாதிரி விளங்கிச்சுது: தலைவருக்குச் சத்தம் காணாதாம். கூட்டினான். தலைவர் பேந்தும் கையைத் தூக்கினார். அவன் பேந்தும் கூட்டினான். என்ரை குசினியிலை சட்டி மூடியள் ஆடத் துவங்கிட்டுது. பக்கத்து வளவு ஆடுகள் கயித்தை அறுத்துக்கொண்டு கத்தரித் தோட்டத்துக்கை பாஞ்சுது. தோட்டத்திலை நிண்ட மயூரதன் காதைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்திட்டார், சண்டை நடந்த நாளையிலை வந்த பழக்கம். தலைவர் மட்டும் நடு ஒழுங்கையிலை கையைத் தூக்கினபடி, ஞானம் கிடைச்ச ஆள் மாதிரிச் சிரிச்சுக்கொண்டு நிண்டார்.

அவர் ஹெட்போனைக் கழட்டினதுதான் தாமதம், அப்பிடியே நிலத்திலை குந்திட்டார்.

"கறுப்பு திறம்" எண்டு முடிவு எழுதினவை. சரி, கூட்டின சத்தத்தைப் பழையபடி குறைச்சு விடுங்கோவன் எண்டு கேட்டன். யாப்பிலை இடமில்லை எண்டான் சுபாங்கன். அண்டையிலையிருந்து ஊருக்குப் புதுச் சத்தம்.

இதுக்குள்ளை ஒரு மாசத்துக்கு மேலை போட்டுது. எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. ரா நித்திரை இல்லை. காலமையிலை ரைப் அடிச்ச ஒவ்வொரு சொல்லையும் திருப்பித் திருப்பிப் பாப்பன். ஒரு ஹெட்போனுக்காகக் கெஞ்சித் திரியிறன், கேக்கப் போய்க் கிடைச்சது கூடின சத்தம். மயூரதன், "நான் அப்பவே சொன்னனான்" எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை. அந்த மனிசன் அதைச் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் அழுகை.

தந்தால் தரட்டும் எண்டு இருக்கிற நேரத்திலை சுபாங்கன் இணையத்திலை எதையோ வாசிச்சுப்போட்டு வந்தான். ஹெட்போனின்ரை வெளிப்பக்கத்திலை ஊசித் துவாரம் மாதிரி ஓட்டையள் கிடக்கு. அது மைக்காம். வெளிச்சத்தத்தை அதாலை கேட்டுத்தான் அந்தச் சாமான் உள்ளுக்கு அழிக்குதாம். தலைவற்றை முகம் கறுத்துப் போச்சு.

"அப்ப உது எங்கடை கதையளை ஒட்டுக் கேக்குது."

"இல்லை ஐயா" எண்டன் நான். "கேட்டால்தான் அதாலை சத்தத்தைத் தடுக்கேலும். அந்த ஓட்டையள் இல்லாட்டில் உது வெறும் காதுமூடி."

"கேக்கிறதுக்கு நீர் இருக்கிறீர். அது ஏன் கேக்கவேணும்?" எண்டார். "ஆறாம் பக்கத்தையும் கேட்டது உப்பிடியான ஒரு சாமான்தானே?"

ஓட்டையளை அடைக்கிறதெண்டு தீர்மானம். எதாலை அடைக்கிறது? அதுக்கு மகாதேவி ரீச்சர் வழி சொன்னா. உபயகாரற்றை பேர் எழுதாமல் எங்கடை ஊரிலை ஒரு சாமான் குடுக்கிற வழக்கம் இல்லை. கோயில் ரியூப்லைற்றிலை வெளிச்சம் வாறதே பேருக்கு இடையாலைதான். சங்கத்து மின்விசிறியின்ரை மூண்டு செட்டையிலையும் மூண்டு தலைமுறையின்ரை பேர் சுத்துது. ஆகவே தேருக்குப் பேர் எழுதிற ஆளைக் கூப்பிட்டு, எனாமல் பெயின்றாலை, கறுப்பின்ரை இடப்பக்கக் காதிலை "உபயம்: கனடாக் கிளை, அமரர் விசுவலிங்கம் ஞாபகார்த்தமாக" எண்டும், வலப்பக்கக் காதிலை "தலைவர் பஞ்சலிங்கம் அவர்களின் அயராத முயற்சியால்" எண்டும் மஞ்சளிலை எழுதுவிச்சினம். எழுத்துக் காணாத இடத்திலை ரெண்டு பூவும் வைச்சது. ஒரு ஓட்டை மிஞ்சேல்லை.

தோத்துப் போன வெள்ளைக்குப் பேர் எழுதேல்லை. சுவிஸ் கிளை கோவிக்கக் கூடாதெண்டு அதைக் கந்தோரிலை கண்ணாடி அலுமாரிக்குள்ளை பார்வைக்கு வைச்சினம்.

கையளிக்கிறதுக்கு நல்ல நாள் பாத்தினம். எந்த நாள் எண்டு நினைக்கிறியள்? என்ரை சோதினை வெள்ளிக்கிழமை, காலமை ஒன்பது மணி. "ஐயா, முதல் நாளே தாங்கோ, விழா வேண்டாம்" எண்டு தலைவற்றை வீட்டு வாசலிலை நிண்டு கும்பிட்டன். "விழா இல்லாமல் குடுத்தால் களவாக் குடுத்த மாதிரி. உம்மை ஆரும் சந்தேகப்படக் கூடாதெல்லோ" எண்டார்.

சரி எண்டு கொம்பியூட்டரையும் பையிலை வைச்சுக்கொண்டு போனன். கந்தோருக்கு முன்னாலை பந்தல், மேடை, மைக். நாலு குழாயிலையும் என்ரை பேரும் அமரற்றை பேரும் மாறி மாறிப் போகுது. மங்கள விளக்கு, இறைவணக்கம், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை.

"சத்தம் எண்டால் என்ன?" எண்டு துவங்கினார் தலைவர். "சத்தம் எண்டது ஒரு சமூகப் பிரச்சினை. அதை ஒழிக்கவேணும் எண்டு இந்தச் சங்கம் எத்தினை தரம் வேணுமெண்டாலும் இந்த மைக்கிலை சொல்லத் தயாரா இருக்கு. சத்தம் போட்டது ஆர் எண்டு சிலர் கேக்கலாம். கேக்கட்டும். சத்தம் இல்லாட்டில் இண்டைக்கு இந்தக் கருவியைக் குடுக்கிற பாக்கியம் எங்களுக்குக் கிடைச்சிருக்குமோ?"

கை தட்டினவை. கடவுளறிய, நானும் தட்டினனான்.

ஒன்பதரை தாண்டித்தான் பொன்னாடை போத்திக் கறுப்பைக் கையிலை தந்தவை. உடனை போட்டன். தலைவற்றை அளவு, வழுக்கி என்ரை நாடியிலை வந்து நிண்டுது. கையாலை தூக்கிப் பிடிச்சுக்கொண்டு சுவிச்சைப் போட்டன். பெயின்ற் காஞ்சு அடைச்ச ஓட்டையளுக்குள்ளாலை அதுக்கு ஒண்டும் கேக்கேல்லை. ஒண்டையும் தடுக்கவும் இல்லை. கீயெண்டு ஒரு சத்தம் மட்டும் தன்ரை பாட்டிலை போட்டுது. கனடாக் கிளை போனிலை, "எப்பிடி இருக்கு பிள்ளை?" எண்டு கேக்குது. மைக்கை என்ரை வாயிலை பிடிக்கினம். "சந்தோசம்" எண்டன். வேறை என்னத்தைச் சொல்ல?

பத்துக்குப் பத்து நிமிசம். இனி வீட்டை ஓடியும் பிரயோசனம் இல்லை. அங்கை யன்னலுக்கு நேரை குழாய். வாழ்த்துரைக்கு ஆளைக் கூப்பிடுகினம். நான் கறுப்பைக் கழட்டிப் பைக்குள்ளை போட்டு, தூக்கிக்கொண்டு பின்பக்கத்தாலை கந்தோருக்குள்ளை பூந்து கதவைச் சாத்தினன், எங்கையாவது ஒரு மூலையிலை இருந்து அழுவம் எண்டு.

கதவைச் சாத்தினாப் பிறகுதான் விளங்கிச்சுது. உள்ளுக்குச் சத்தம் இல்லை.

நான் நிண்டு யோசிச்சுப் பாத்தன். கோபுரம் நேரை இந்தக் கூரைக்கு மேலை. நாலு குழாயும் வெளியாலை ஊரைப் பாத்துக்கொண்டு கிடக்கு. கந்தோரைப் பாத்து ஒண்டும் இல்லை. யன்னல் கண்ணாடிக்கு அங்காலை மேடையிலை வாய் அசையிறது தெரியுது. கேக்கிறதென்னவோ பக்கத்து வீட்டிலை ஆரோ கதைக்கிற அளவுதான். இத்தினை வருசமும் இவை மூண்டு பேரும் இதுக்குள்ளை இருந்துகொண்டுதான், "உமக்கு மட்டும் ஏன் கரைச்சல்" எண்டு கேட்டவை. அறுவார்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையைப் பிரட்டியிருப்பன். நேரம் இல்லை. கதவுக்கு உள்ளாலை கொண்டி போட்டன். கண்ணாடி அலுமாரியைத் திறந்து வெள்ளையை எடுத்தன். தலைவற்றை கதிரையிலை இருந்தன். கொம்பியூட்டரைத் திறந்து, போனிலையிருந்து இணையத்தைக் குடுத்து, வெள்ளையைக் காதிலை வைச்சன்.

பஞ்சு மாதிரி வந்து இருந்துது. மிச்சமிருந்த சத்தமும் போட்டுது. பத்து மணிக்கு ஒரு டொக்டர் மனிசி கதைக்கத் துவங்கினா, ஒரு வயசாளியின்ரை இருதயத்தைப் பற்றி. அவ எச்சில் விழுங்கிறது கேட்டுது. கதிரையைப் பின்னுக்குத் தள்ளினது கேட்டுது. வலது எது, இடது எது எண்டு வடிவாக் கேட்டுது. ஒரு சொல்லையும் திருப்பிப் பாக்கேல்லை. ஒரு மணித்தியாலம் நான் இந்த ஊரிலையே இல்லை.

முடிச்சு அனுப்பிப்போட்டுக் கதவைத் திறந்தால் முழுச் சனமும் வாசலிலை. தலைவர் மைக்கோடை நிக்கிறார், குரல் அடைச்சுப் போச்சு.

"எத்தினை தரம் கூப்பிட்டது! ஊர் முழுக்கக் கேட்டது, உமக்குக் கேக்கேல்லையோ?"

"இல்லை ஐயா."

அதுக்கு மேலை அவர் எதோ சொல்ல வெளிக்கிட, சுபாங்கன்ரை போனுக்குள்ளையிருந்து சுவிஸ் கிளை குதிச்சுது: "அந்தா! எங்கடை வெள்ளையைப் போட்டிருக்கிறா! தட்டுங்கோ கை!" வீடியோக் கோலிலை வெளிநாடு பாத்துக்கொண்டிருக்கேக்கை சங்கம் ஒருதற்றை கழுத்திலையிருந்து சாமானைக் கழட்டாது. வெள்ளையோடையே நான் வீட்டை வந்தன்.

பின்னேரம் கொம்பனியிலையிருந்து பதில் வந்தது. பாஸ். மயூரதன் என்ரை தலையைத் தடவினார். பிறகுதான் மைக்கிலை என்னென்ன சொன்னவை எண்டு கேட்டன். "முதல்லை, மேடைக்கு வரட்டாம். பிறகு, கதவைத் திறக்கட்டாம். பிறகு, நீர் துரோகியாம். கடைசியிலை, தலைவற்றை மருந்துக் குளிசை உள்ளுக்குக் கிடக்காம், அதை மட்டும் யன்னலாலை நீட்டட்டாம்" எண்டார். எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு.

அடுத்த நாளே அவசரக் கூட்டம். நடந்த பிழையைச் சங்கம் கண்டுபிடிச்சிட்டுதாம்: சங்கத்தின்ரை அறிவித்தல் போய்ச் சேராத இடம் ஒண்டு ஊருக்குள்ளை கிடக்கு, அது சங்கக் கந்தோர். இனி ஆரும் அதுக்குள்ளை ஒளிச்சிருக்கக் கூடாது. கனடாக் கிளை உடனை அஞ்சாவது குழாய்க்கு ஓமெண்டிட்டுது. கந்தோருக்குள்ளை, கூரை மூலையிலை, தலைவற்றை கதிரையைப் பாத்துப் பூட்டினவை. பேரும் எழுதினவை.

ஒரு கிழமை போகேல்லை, சுபாங்கன் எங்கடை வாசலிலை வந்து நிண்டான். கண் சிவந்து கிடந்தது. காதுக்கை பஞ்சு. ஒழுங்கையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்துப்போட்டு, "அக்கா, ஒருதருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. தலைவர் அனுப்பினவர். அந்த ஹெட்போனை ஒருக்கால் தரட்டாம்" எண்டான்.

"சத்தத்தைக் குறைச்சு விடுங்கோவன் தம்பி."

"யாப்பிலை..."

"ஓம் ஓம். நில்லும், வாறன்" எண்டு உள்ளுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்து குடுத்தன்.

அவன் அதைப் பாத்தான். "அக்கா, இது கறுப்பெல்லோ?"

"கறுப்புத்தான். அவற்றை தலைக்கு அளவெடுத்தது. அவற்றை பேரும் கிடக்கு."

"இது ஒண்டையும் தடுக்காதெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே அக்கா!"

"அது எனக்கென்ன தெரியும்? நான் பயனாளி" எண்டன். "நீங்கள் மூண்டு பேரும் போட்டுப் பாத்து ஏகமனதா எடுத்த முடிவெல்லோ? ஆறுதலா இருக்கும், கொண்டு போம்."